கேண்டில் என்ன நிறம்?

விருதுநகர்
5-8-1961

அன்புத் தம்பி இன்பராஜுக்கு, அக்கா ஞானபூரணி எழுதுவது. தேவ கிருபையால் நானும் அத்தானும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவாய். ஆகையால் கேட்கவில்லை. எடை எவ்வளவு என்று மட்டும் எழுது.

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் மாதிரிப் படங்களின் ஆல்பம் பூஜை போட்டு வெளியே வந்துவிட்டதாம். உங்கள் முதலாளி இராமகிருஷ்ணன் இந்த வருஷமும் உன்னையே நாகபுரி, ராய்ப்பூர், பிலாஸ்பூர் பக்கம் ஆர்டர் பிடிக்க அனுப்புகிறாராம். சிவகாசிக்காரன் காலண்டர் விற்க மழைக்காலத்தில்தான் ஊர் ஊராய்த் திரிய வேண்டும் என்று யார் விதித்தார்களோ. அந்த மழைக்காலத்துத் தண்ணீர்தான் போன வருஷம் உன்னை டைபாய்டோடு என் வார்டிலேயே கொண்டுவந்து போட்டது. நீ வீட்டுக்குப் போன அன்று பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

புறப்படுமுன் இங்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு போ. ஆனால் ஊசியை மட்டும் நம்ப முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். சின்ன ஸ்பிரிட் அடுப்பு ஒன்று வாங்கித் தருகிறேன், போகிற இடத்தில் காய்ச்சிக் குடிக்கலாம். அது தொல்லை என்றால் குளோரின் மாத்திரை இருக்கிறது. செம்புத் தண்ணீரில் ஒன்றைப் போட்டு அரை மணி பொறுத்தால் போதும். இன்னொன்று, எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி கேண்டில் பில்டர். மெழுகுவர்த்தி என்று நினைத்துவிடாதே. பீங்கான் போலச் சுட்ட வெள்ளைக் குழல் அது. தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து கீழே சொட்டும், அழுக்கும் கிருமியும் வெளியிலேயே நின்றுவிடும். சின்னக் கேண்டில் மதுரையில் கிடைக்கிறது. இங்கே பாத்திரக்கடையில் சொன்னால் அதை வைத்து இரண்டு அடுக்குக் கூஜா செய்து தருவார்கள்.

மூன்றில் எது என்று எழுது. எதுவும் வேண்டாம் என்று எழுதாதே.

உன் அக்கா
ஞானபூரணி


சிவகாசி
9-8-1961

மதிப்பிற்குரிய அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்பராஜின் வணக்கம். நான் சுகம். எடை கூடியிருக்கிறது. கம்பெனியில் காகிதம் நிறுக்கிற தராசில் ஏறி நின்றேன். ஒரு கட்டு ஆர்ட் பேப்பர் கூட இருந்ததால் கணக்குச் சரியாகத் தெரியவில்லை.

அடுப்பு வேண்டாம் அக்கா. தாயில்பட்டி வெடி ஆலையில் நான் வேலை பார்த்தபோது கேட்டில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். மடியில் தீப்பெட்டி அகப்பட்டால் அன்று வேலை கிடையாது. ஆலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் எங்கே நுழைந்தாலும் கை தானாகச் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறது. அப்படிப்பட்டவன் அடுப்பையும் ஸ்பிரிட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் தூங்குவானா?

மாத்திரையும் வேண்டாம். போன வருஷம் உங்கள் வார்டில் கொடுத்த தண்ணீரின் வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. டீ குடித்தால் தரை கழுவின தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது.

கூஜாவே இருக்கட்டும். ஆனால் கனம் குறைவாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு தோளில் ஆல்பம், இன்னொரு தோளில் கூஜா என்றால் காவடி எடுக்கிறவனைப் போல இருப்பேன். பதினெட்டாம் தேதி வந்து ஊசி போட்டுக்கொண்டு அப்படியே ரயிலேறுகிறேன்.

உங்கள் பிரியமுள்ள தம்பி
இன்பராஜ்


விருதுநகர்
21-8-1961

தம்பி இன்பராஜுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நீ ரயிலேறினது முதல் இங்கே மழை. அங்கேயும் மழையாகத்தான் இருக்கும். ஊசி போட்ட கை வலி தீர்ந்ததா?

ஸ்டேஷனில் சொன்னதை இன்னொரு முறை எழுதுகிறேன், ஏனென்றால் நீ அப்போது முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தாய். படுக்கப் போகும்போது கூஜாவின் மேலடுக்கை நிரப்பி வை. விடிந்ததும் கீழடுக்கில் அன்றைய தண்ணீர் இருக்கும். அவசரப்பட்டால் அது சொட்டாது. உபயோகிக்க உபயோகிக்கக் கேண்டிலின் மேல் அழுக்கு படிந்து பழுப்பாகும். மழைத் தண்ணீர் என்றால் ஒரு வாரத்திலேயே டீக்கறை போலாகிவிடும். அப்போது பிரஷால் தண்ணீருக்குள் வைத்துத் தேய், சோப்பு போடாதே. டீக்கடையில் சொல்லி ஒரு கொதி கொதிக்க வைத்து எடு. கீழே போட்டுவிடாதே. மயிரிழை விரிசல் விட்டாலும் பிறகு அது வெறும் அலங்காரம்தான்.

கூஜாவும் கையுமாக உன்னைப் பார்த்தால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று வடக்கத்தியார் நினைத்துக்கொள்வார்கள் என்று அத்தான் சிரிக்கிறார். நினைத்தால் நல்லதுதான். எங்களுக்கும் ஒரு வேலை குறையும்.

பிலாஸ்பூர் பார்சல் ஆபீஸில் இருக்கிற சாத்தூர்க்காரர் சுந்தரபாண்டியின் விலாசத்துக்கே இனியும் எழுதுகிறேன்.

அக்கா
ஞானபூரணி


பிலாஸ்பூர்
24-9-1961

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும். இன்பராஜ் சௌக்கியம். உங்கள் இருவர் சௌக்கியத்துக்கும் கர்த்தரை வேண்டுகிறேன்.

நாகபுரியில் ஆர்டர் பரவாயில்லை. ராய்ப்பூரில் லட்சுமி படத்துக்கு நல்ல கிராக்கி. பிலாஸ்பூரில் ஒரு எண்ணெய்க் கடைக்காரர் ஆர்டர் தரவில்லை. பெரிய கடை. போகட்டும்.

சுந்தரபாண்டி அண்ணாச்சி அறையில்தான் தங்குகிறேன். வேலை முடிந்து வந்ததும், "ஏலே, நம்ம ஊர்ப் பேச்சுக் கேட்டு எம்புட்டு நாளாச்சு, எதையாவது பேசுலே" என்று உட்கார்ந்துவிடுகிறார். அவருக்காகவே நான் இல்லாத கதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூஜா நன்றாக வேலை செய்கிறது, கவலை வேண்டாம். கேண்டிலைத் தேய்க்கவே அவசியம் வரவில்லை. நீங்கள் தந்த நாளில் இருந்தபடியே வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

அப்பா சின்ன வயதில் வண்டியோடு சந்தைக்குப் போனபோது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டதாகச் சொல்வாரே, அது எந்த ஊர் என்று ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி
இன்பராஜ்


விருதுநகர்
1-10-1961

தம்பிக்கு. இங்கு எல்லோரும் சுகம். நீ சுகமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்பா தண்ணீர் கேட்டது சாத்தூர் சந்தைக்குப் போகிற வழியில். ஊர்ப்பேரை அவர் சொன்னதே கிடையாது. அந்த வீட்டம்மா செம்பைக் கையில் தராமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். அப்பா குனிந்து, இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். முழங்கை வழியாக ஓடினதுதான் அதிகம், தொண்டைக்குள் போனது கொஞ்சம் என்பார். சொல்லும்போது சிரிப்பார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. நீ சும்மா கேட்கிறவன் இல்லை.

இனி கேண்டிலுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் என் கைக்கு வராத கேண்டில் இல்லை. குழாய்த் தண்ணீருக்கே பத்து நாளில் பழுத்துப்போகும். உன்னுடையது மழைக்காலத்தில், மூன்று ஊர்க் கிணற்றுத் தண்ணீரில், ஒரு மாதத்துக்குப் பிறகும் வெள்ளை வெளேரென்று இருக்கிறதா? உபயோகிக்காத கேண்டில்தான் வெள்ளையாக இருக்கும், இன்பராஜ். என்னிடம் பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கோபம்தான். ஆனாலும் காரணம் இல்லாமல் நீ செய்யமாட்டாய். என்ன நடந்தது என்று எழுது.

அக்கா


ராய்ப்பூர்
10-10-1961

அன்புள்ள அக்காவுக்கு. உடம்பு உண்மையாகவே நன்றாக இருக்கிறது. மற்றதற்கு மன்னியுங்கள்.

அந்த எண்ணெய்க் கடைக்காரர் பெயர் லக்கன் சாகு. ஊரிலிருந்து நேரே பிலாஸ்பூருக்கு வந்து நான் ஏறின முதல் கடை அவருடையதுதான். நான் போய் உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து பித்தளைச் செம்பில் தண்ணீர் வந்தது. இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். தண்ணீரைக் குடித்த பிறகுதான் ஆல்பத்தைத் திறக்க வேண்டும். நான் செம்பை வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, நம் கூஜாவைத் திறந்து குடித்தேன். நீங்கள் சொன்னபடி செய்கிறேன் என்று மனதுக்குள் பெருமை வேறு.

சாகு எழுந்தார். செம்பைத் தானே எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தார். திரும்பி வந்து ஆல்பத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டி, மரியாதையாக என் மடியில் வைத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஏன் என்று கேட்டேன். எங்கள் கைத்தண்ணீர் ஆகாதவருக்கு எங்கள் கைக்காசு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

அறைக்கு வந்து சொன்னபோதுதான் சுந்தரபாண்டி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "அவுக செக்காட்டுறவுக. இந்த ஊர்ல பாதிப் பேரு அவுக கையால தண்ணி வாங்கமாட்டாக. நீயும் அப்படித்தான்னு நெனச்சிட்டாரு" என்றார். அப்பா கையைக் குவித்துக்கொண்டு நின்றது அப்போது கண்முன் வந்தது. அவருக்கு ஊற்றின அந்த அம்மாளைப் போல நானும் ஒருத்தருக்குச் செய்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா.

அன்று முதல் எந்தக் கடையில் செம்பு நீட்டினாலும் வாங்கிக் குடிக்கிறேன். கூஜா பெட்டிக்கு அடியில் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் மாத்திரை இருக்கிறது. அப்படி ஒரு முகத்தை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது.

உங்கள் தம்பி
இன்பராஜ்


விருதுநகர்
19-10-1961

என் அன்புத் தம்பிக்கு. நாங்கள் சுகம். உன் கடிதத்தை அத்தானும் படித்தார். அப்பா இருந்திருந்தால் உன்னைத்தான் மெச்சியிருப்பார் என்றார். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் அப்பா நர்ஸ் இல்லை.

பெரிய டாக்டர் அன்று சொன்னதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். உன் குடல் ஓரிடத்தில் மிகவும் மெலிந்துவிட்டது. இன்னொரு தரம் டைபாய்டு வந்தால் அந்த இடம் ஓட்டை விழுந்துவிடும் என்றார். விழுந்தால் பிழைப்பது அரிது என்றும் சொன்னார். நீ பயந்துபோய் வேலையை விட்டுவிடுவாய் என்று மறைத்தேன். மறைத்தது உனக்குத் தைரியமாகப் போய்விட்டது. நமக்கு இருப்பது நாம் இருவர்தான், இன்பராஜ். நீ இல்லாமல் என்னால் முடியாது.

செம்பைத் தள்ளாதே. அது சரி. ஆனால் செம்பில் இருப்பதை அப்படியே குடிக்காதே. எங்கள் வார்டில் சில பேர் ஆஸ்பத்திரி டம்ளரில் வாய் வைக்கமாட்டார்கள், வீட்டிலிருந்து வந்த தண்ணீர்தான் வேண்டும் என்பார்கள். நான் சண்டை போடுவதில்லை. அவர்கள் தண்ணீரையே வாங்கி, காய்ச்சி, அதிலேயே மருந்தைக் கலந்து கொடுக்கிறேன். குடித்துவிடுகிறார்கள். நீயும் அப்படிச் செய். அவர்களிடமே தண்ணீர் கேள். அந்தத் தண்ணீரை அவர்கள் கண்முன்னாலேயே வடிகட்டிக் குடி.

அதற்குக் கூஜா உதவாது. அது சொட்டுவதற்குள் கடையைப் பூட்டிவிடுவார்கள். கனத்தையும் வாடையையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தோமே தவிர, யார் முன்னால் குடிக்கப் போகிறாய் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. அதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் பழைய கம்பவுண்டர் யோபு யுத்தத்தின்போது ஆம்புலன்ஸில் இருந்தவர். அவரிடம் பட்டாளத்துக் கைப்பம்பு பில்டர் ஒன்று இருந்தது. சைக்கிள் பம்பைவிடக் குட்டை. ரப்பர்க் குழாயைச் செம்பில் போட்டுப் பிடியை இழுத்து அமுக்கினால் டம்ளர் உடனே நிறைகிறது. விலை பேசப் போனேன். "பெட்டிக்குள்ள கெடந்து துருப் பிடிக்கிறதுக்குத் தம்பி உசுரைக் காக்கட்டும், கொண்டுபோங்க" என்று கையில் திணித்துவிட்டார். உள்ளே இருக்கிற கேண்டிலை நானே தேய்த்துக் கொதிக்க வைத்தேன். விரிசல் இல்லை. வெள்ளையாக வந்துவிட்டது.

பார்சல் இன்று போகிறது. போய் வாங்கிக்கொள். அதுவரை டீயைத் தவிர எதையும் குடிக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


விருதுநகர்
15-11-1961

தம்பிக்கு. தீபாவளி கழிந்தது. சிவகாசியில் எல்லா ஆலையும் லீவு விட்டுத் திறந்தாகிவிட்டது. உன் கடிதம் வரவில்லை. பார்சல் கிடைத்ததா என்றும் தெரியவில்லை. கம்பெனியில் கேட்டால் இரண்டு வாரமாக ஆர்டர் எதுவும் வந்து சேரவில்லை என்கிறார்கள்.

நான் ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன். வார்டு ஆயா இருளம்மாள் கேட்காமலே இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனிடம் உனக்காக நேர்ந்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் மனு போயிருக்கிறது. நீ ஒரு வரி எழுது.

அக்கா


பிலாஸ்பூர்
17-11-1961

மதிப்புக்குரிய ஞானபூரணி அக்கா அவர்களுக்கு, சாத்தூர் சுந்தரபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. தம்பி எழுத முடியாததால் நான் எழுதுகிறேன். பதற வேண்டாம்.

பார்சலை வாங்க வந்த அன்றே தம்பிக்குக் காய்ச்சல், இரண்டு நாளில் தணிந்துவிடும் என்று நினைத்து முன்னாலேயே எழுதாமல் விட்டேன். ரயில்வே ஆஸ்பத்திரியில் சொல்லிச் சேர்த்திருக்கிறேன். குளிர் தூக்கிப் போடுகிறது, பிறகு அனல் அடிக்கிறது. போன வருஷக் கதையைத் தம்பியே டாக்டரிடம் சொல்லிவிட்டார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் தந்தி கொடுக்கிறேன்.

பார்சல் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நினைவு வரும்போதெல்லாம் அதைக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். நேற்று, "அண்ணாச்சி, டீதான் குடிச்சேன்னு அக்காவுக்கு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

தங்கள்
சுந்தரபாண்டி


பிலாஸ்பூர்
6-12-1961

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும். நானே எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். டைபாய்டு இல்லை, மலேரியாதான் என்ற தந்தி கிடைத்திருக்கும். கொய்னா மாத்திரை சாப்பிட்டுக் காது இரண்டும் கும்மென்று இருக்கின்றன. வேறு குறை இல்லை. நீங்கள் இருவரும் இனியாவது தூங்குங்கள்.

எழுந்து நடமாடியதும் முதலில் சாகு கடைக்குத்தான் போனேன். என்னைக் கண்டதும் அவர் கணக்குப் பிள்ளையிடம் ஏதோ பேசத் திரும்பிக்கொண்டார். நான் போய் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார். அதே பித்தளைச் செம்பு வந்தது.

இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பம்பை எடுத்துக் குழாயைச் செம்புக்குள் விட்டேன். போன வருஷம் செத்துப் பிழைத்தேன், என் குடல் கெட்டுப்போய்க் கிடக்கிறது, என் அக்கா நர்ஸ், அவள் சொல்லைத் தட்டினால் வீட்டுக்குள் விடமாட்டாள் என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். காய்ச்சலில் கிடந்த கை, அமுக்க பலமில்லை. சாகு அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பிடியை என் கையிலிருந்து வாங்கி அவரே அமுக்கினார். டம்ளர் நிறைந்தது. அன்று குடிக்காத தண்ணீரை இன்று குடித்தேன்.

பாதி குடித்துவிட்டு வைத்தேன். அவர் கையை நீட்டினார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. டம்ளரை எடுத்து மீதியை அவர் குடித்தார். என் எச்சில் என்று சொல்லப் போனேன். அதற்குள் குடித்து முடித்துவிட்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான், ருசி மாறவில்லை என்று சிரித்தார்.

பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா கையைக் குவித்துக் குடித்ததைச் சொன்னேன். அவருக்கும் சொல்ல அதே மாதிரி ஒன்று இருந்தது. மழை வந்தால் அவர் வீட்டில் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுப்பது வழக்கமாம். மாலையில் கூஜாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். வீட்டோடு இருக்கிறவருக்கு அது சொட்டிக்கொண்டிருக்கட்டும். ஊர் சுற்றுகிறவனுக்குப் பம்பு போதும். சோப்பு போடக் கூடாது என்பதை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆர்டர் தந்தாரா என்று அத்தான் கேட்பார். ஆல்பத்தைத் திறக்கவே மறந்துவிட்டேன்.

இன்னும் கட்னி, ஜபல்பூர் பாக்கி. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன்.

உங்கள்
இன்பராஜ்


விருதுநகர்
12-12-1961

என் அன்புத் தம்பிக்கு. நாங்கள் சுகம், இப்போது உண்மையாகவே சுகம். தந்தி வந்த அன்று வார்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். கொசு கடித்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்ன நர்ஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தன் வேண்டுதல்தான் பலித்தது என்கிறாள் இருளம்மாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளோடு இருக்கன்குடிக்கு நீயும் போய்வர வேண்டுமாம். போய்வா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் கடிதத்தை அத்தான் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். ஆர்டரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கூஜா போனதில் எனக்கும் வருத்தமில்லை.

ஆனால் உன்னை நான் ஒரு முறை நம்பி ஏமாந்தவள். ஆகையால் சுகமாக இருக்கிறேன், பம்பு நன்றாக வேலை செய்கிறது என்றெல்லாம் எழுதாதே. ஒரு கார்டு போதும். கேண்டில் என்ன நிறம்?

அக்கா
ஞானபூரணி


கட்னி
17-12-1961

அக்காவுக்கு,

பழுப்பு.

இன்பராஜ்